பசங்களா பொண்ணுங்களா, ஆர்ட்ஸா இன்ஜினியரிங்கா: அடைவூக்கம் பத்தி ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு

"கல்லூரி மாணவர்களின் அடைவூக்கம், பாலினம் மற்றும் பாடப்பிரிவு அடிப்படையில் ஓர் ஆய்வு." எம்.எட், எம்.ஏ சைக்காலஜி பக்கம் வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இந்த டைட்டிலை எடுத்துட்டு வந்துடுவாங்க. அடைவூக்கம்னா சாதிக்கணும்ங்கற உந்துதல். டைட்டில்ல குத்தம் ஒண்ணும் இல்ல, நல்ல டைட்டில் தான். ஆனா பாதிக்கு மேல எப்படி முடியுதுன்னா, பக்கத்து காலேஜ்ல நூறு பசங்க, நூறு பொண்ணுங்க, ஒரு டி-டெஸ்ட் (ரெண்டு குரூப்போட ஆவரேஜை ஒப்பிடற கணக்கு), "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை"னு ஒரு வரி, பைண்டிங், வைவா, ஸ்வீட் பாக்ஸ். அதைப் படிச்சு யாருக்கும் எதுவும் புதுசா தெரியப் போறதில்ல. அதே உழைப்புல உருப்படியா ஒண்ணு பண்ண முடியும், அதுக்கு எங்க எங்க கை வைக்கணும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல கேள்வியை சரி பண்ணுங்க. "பசங்களுக்கு அதிகமா, பொண்ணுங்களுக்கு அதிகமா"ன்னு மட்டும் கேட்டா அது பட்டிமன்றத் தலைப்பு. நீங்க கேட்க வேண்டியது மூணு. பால் வித்தியாசம் இருக்கா, பாடப்பிரிவு வித்தியாசம் இருக்கா, அப்புறம் முக்கியமா அந்த பால் வித்தியாசம் எல்லா பாடப்பிரிவுலயும் ஒரே மாதிரி இருக்கா இல்ல ஒரு டிபார்ட்மென்ட்ல ஒரு மாதிரி இன்னொண்ணுல வேற மாதிரி இருக்கா. இந்த மூணாவதை தான் நிறைய பேர் விட்டுடறாங்க, விஷயமே அங்க தான் இருக்கு.

ஏன்னு ஒரு கணக்கு போட்டு பாக்கலாம், இது சும்மா கற்பனை நம்பர் தான். இன்ஜினியரிங்ல பசங்க ஆவரேஜ் 145, பொண்ணுங்க 151. ஆர்ட்ஸ்ல பசங்க 139, பொண்ணுங்க 133. ஒவ்வொரு குரூப்லயும் ஒரே எண்ணிக்கைல ஆளுங்க. இப்போ பாடப்பிரிவைப் பாக்காம பசங்க எல்லாரையும் ஒண்ணா கூட்டினா 142, பொண்ணுங்களை ஒண்ணா கூட்டினாலும் 142. டி-டெஸ்ட் போட்டா வேறுபாடு பூஜ்யம். "பால் வேறுபாடு இல்லை"ன்னு எழுதிட்டு போயிடுவீங்க. ஆனா உள்ள பாத்தா இன்ஜினியரிங்ல பொண்ணுங்க ஆறு மேல, ஆர்ட்ஸ்ல ஆறு கீழ. இதை டூ-வே அனோவா (பால், பாடப்பிரிவு ரெண்டையும் சேர்த்து வச்சு ஆவரேஜை ஒப்பிடற கணக்கு) புடிச்சு காட்டும், அதுல இன்டராக்ஷன்னு, அதாவது பால் வித்தியாசம் பிரிவுக்குப் பிரிவு மாறுதான்னு வர்ற வரியைத் தான் நீங்க முதல்ல பாக்கணும்.

இதைவிட மோசமான ஆபத்து சாம்பிள் எடுக்கிறதுல இருக்கு. நம்ம ஊர்ல எந்த குரூப்ல யாரு சேர்றாங்கங்கறது சீட்டு குலுக்கி போட்டு நடக்கிற விஷயம் இல்ல. மெக்கானிக்கல் கிளாஸ்ல போய் எட்டிப் பாருங்க, பொண்ணுங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்துடலாம். ஹோம் சயின்ஸ், நர்சிங் பக்கம் போனா பசங்களைத் தேடணும். இதை யோசிக்காம "இன்ஜினியரிங் நூறு, ஆர்ட்ஸ் நூறு"ன்னு வாரிக்கிட்டு வந்தா என்ன ஆகும்? மறுபடியும் கற்பனைக் கணக்கு தான்: இன்ஜினியரிங்ல 80 பசங்க 20 பொண்ணுங்க, ஆர்ட்ஸ்ல 20 பசங்க 80 பொண்ணுங்க கிடைச்சாங்கன்னு வைங்க. இன்ஜினியரிங்ல ரெண்டு பேருக்கும் ஆவரேஜ் 150, ஆர்ட்ஸ்ல ரெண்டு பேருக்கும் 130, அதாவது எந்த கிளாஸுக்குள்ளயும் ஆண் பெண் வித்தியாசம் துளி கூட இல்ல. ஆனா மொத்தமா கூட்டுங்க. பசங்க 146, பொண்ணுங்க 134. பன்னெண்டு மார்க் வித்தியாசம்! "ஆண்களுக்கு அடைவூக்கம் அதிகம்"னு ஒரு தீசிஸ் ரெடி, ஆனா அது முழுக்க சாம்பிள் எடுத்த விதத்துனால வந்தது.

இது கற்பனைல மட்டும் நடக்கிறது இல்ல. 1973ல அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டில மேல்படிப்பு அட்மிஷன் கணக்கைப் பாத்தா ஆம்பளைங்கள்ல 44 சதவீதம் பேருக்கு சீட் கிடைச்சிருக்கு, பொம்பளைங்கள்ல 35 சதவீதம் தான். அநியாயம்னு தோணும்ல? டிபார்ட்மென்ட் வாரியா பிரிச்சு பாத்தப்போ பொம்பளைங்களுக்கு எதிரான அந்த வித்தியாசம் பெரும்பாலான இடத்துல காணாம போச்சு, பொம்பளைங்க அதிகமா அப்ளை பண்ணது சீட் கிடைக்கவே கஷ்டமான டிபார்ட்மென்ட்டுகளுக்கு. 1975ல சயின்ஸ் பத்திரிகைல பிக்கல், ஹாமல், ஓ'கானல் மூணு பேரும் எழுதினது. உங்க ரிவ்யூ சாப்டர்ல இதை ஒரு பாரா வைங்க, உங்க டிசைனுக்கு காரணம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதனால டூல் (அளக்கிற கேள்வித்தாள்) எது, சாஃப்ட்வேர் எதுன்னு போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கட்டம் போடுங்க. மேல பாடப்பிரிவு, பக்கத்துல ஆண் பெண். ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை பேர் வேணும்னு எழுதுங்க, அந்த எண்ணிக்கை கிடைக்குமான்னு காலேஜ் ஆபீஸ்ல கிளாஸ் ஸ்ட்ரெங்த் வாங்கி பாருங்க. மெக்கானிக்கல்ல பொண்ணுங்க கிடைக்கலையா, கம்ப்யூட்டர் சயின்ஸ், இசிஇ எடுங்க, அங்க ரெண்டு பக்கமும் ஆள் இருப்பாங்க. ஆர்ட்ஸ்னா பி.ஏ தமிழ், வரலாறு, காமர்ஸ்னா பி.காம், சயின்ஸ்னா கணிதம், இயற்பியல். எல்லாத்தையும் தொட ஆசைப்படாதீங்க, மூணு பிரிவு போதும், ஆறு கட்டம் வரும்.

எத்தனை பேர்? எல்லாரும் கிரெஜ்சி மார்கன் டேபிளை (1970) காட்டிட்டு 384னு எழுதிடறாங்க. அந்த டேபிள் ஒரு பெரிய கூட்டத்துல இத்தனை சதவீதம் பேர்னு மதிப்பிடறதுக்கு செஞ்சது, ரெண்டு குரூப்பை ஒப்பிடறதுக்கு இல்ல. ஒப்பிடறதுக்கு கோஹன் கணக்கு பாருங்க: வித்தியாசம் நடுத்தரமா இருந்தா (கோஹன் டி 0.5; ஆவரேஜ் வித்தியாசத்தை எஸ்.டியால, அதாவது ஸ்கோர் எவ்வளவு பரவியிருக்குங்கற அளவால வகுத்தது, டி-டெஸ்ட் டி இல்ல) குரூப்புக்கு 64 பேர் போதும், சின்னதா இருந்தா (டி 0.2) குரூப்புக்கு கிட்டத்தட்ட 394 பேர் வேணும். பால் வித்தியாசங்கள் பெரும்பாலும் சின்னது தான். உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005ல ஏகப்பட்ட தொகுப்பாய்வுகளை (பல ஆய்வு முடிவுகளைச் சேர்த்து பாக்கிற ஆய்வுகள்) ஒண்ணா வச்சு பாத்து, ஆணும் பெண்ணும் பெரும்பாலான உளவியல் விஷயங்கள்ல ஒரே மாதிரி தான் இருக்காங்கன்னு எழுதினாங்க. அதனால கட்டத்துக்கு 30 பேர் வச்சுட்டு "வேறுபாடு இல்லை"ன்னு அடிச்சு சொல்றது நியாயம் இல்ல, "இந்த சாம்பிள்ல தெரியலை"ன்னு தான் சொல்லலாம். என்னைக் கேட்டா கட்டத்துக்கு 64க்கு கீழ போகாதீங்க, ஆறு கட்டத்துக்கு 384 ஆச்சு, பாருங்க அதே நம்பர் தான் வருது, ஆனா இப்போ அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அப்பவும் இன்டராக்ஷன் சின்னதா இருந்தா சிக்காது, அதை லிமிட்டேஷன்ல எழுதிடுங்க.

ஒரே ஒரு இன்ஜினியரிங் காலேஜ், ஒரே ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்னு எடுக்காதீங்க. அப்புறம் வர்றது பாடப்பிரிவு வித்தியாசமா, அந்த ரெண்டு காலேஜுக்கு நடுவுல உள்ள வித்தியாசமான்னு ஆண்டவனுக்கு கூட தெரியாது. பிரிவுக்கு ரெண்டு மூணு காலேஜ், அதுலயும் அரசு, உதவி பெறும், சுயநிதின்னு கலந்து வந்தா நல்லது. பெண்கள் கல்லூரில மட்டும் பொண்ணுங்களை எடுத்துட்டு கோ-எட் காலேஜ்ல பசங்களை எடுக்கிறதும் இதே வம்பு தான்.

இப்போ டூல். நம்ம பக்கம் ரொம்ப நாளா ஓடறது பிரதிபா தேவ், ஆஷா மோகன் ரெண்டு பேரும் 1985ல கொண்டு வந்த தேவ்-மோகன் ஸ்கேல், ஆக்ராவுல நேஷனல் சைக்காலஜிக்கல் கார்ப்பரேஷன் போடுறது. 50 வாக்கியம், எப்பவும், அடிக்கடி, சில நேரம், எப்பவாவது, ஒருபோதும் இல்லைன்னு அஞ்சு பதில், 0ல இருந்து 200 வரைக்கும் ஸ்கோர். காசு குடுத்து வாங்குங்க, சீனியர் கிட்ட ஜெராக்ஸ் எடுத்தா மேனுவல் இருக்காது, மேனுவல் இல்லாம ஸ்கோரிங்ல கோட்டை விடுவீங்க.

எப்படின்னு பாருங்க. 50ல 37 நேர் வாக்கியம், 13 எதிர் வாக்கியம். நேர் வாக்கியத்துக்கு "எப்பவும்"னா 4, எதிர் வாக்கியத்துக்கு "எப்பவும்"னா 0. ஒரு பையன் படிக்காமலே எல்லாத்துலயும் "எப்பவும்" டிக் அடிச்சுட்டு கேன்டீனுக்கு ஓடிட்டான்னு வைங்க. சரியா ஸ்கோர் போட்டா அவனுக்கு 37ஐ நாலால பெருக்கி 148. பாக்க எவ்ளோ அழகான ஸ்கோர்! எக்செல்ல மொத்தத்தை மட்டும் பாத்தா சந்தேகமே வராது. எதிர் வாக்கியத்துக்கு மார்க்கைத் திருப்பிப் போட நீங்க மறந்துட்டா அவனுக்கே 200. எல்லாத்துலயும் "அடிக்கடி" அடிச்சவனுக்கு 124, எல்லாத்துலயும் "சில நேரம்" அடிச்சவனுக்கு 100. அதனால மொத்தம் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷீட்டையும் கண்ணால பாருங்க, டிக் எல்லாம் ஒரே பதில் வரிசைல மேல இருந்து கீழ கோடு போட்ட மாதிரி இறங்கி இருந்தா தூக்கி தனியா வைங்க. அப்படி எத்தனை ஷீட்டை எடுத்தீங்கன்னு சாப்டர் மூணுல எழுதுங்க, மறைக்க வேண்டாம், அது உங்க நேர்மைக்கு தான் மார்க்.

தமிழாக்கம் வேணுமான்னா, வேணும். தமிழ் மீடியத்துல இருந்து வந்த முதலாம் ஆண்டு பி.ஏ பிள்ளைக்கும் சிபிஎஸ்இல படிச்சுட்டு வந்த பி.டெக் பிள்ளைக்கும் ஒரே இங்கிலீஷ் ஷீட்டைக் குடுத்துட்டு பாடப்பிரிவு வித்தியாசம்னு சொன்னா, அளந்தது ஊக்கமா இங்கிலீஷான்னு யாராவது கேப்பாங்க. பதிப்பாளர் கிட்ட அனுமதி வாங்கிட்டு ஒருத்தர் தமிழ்ல மாத்தட்டும், ஒரிஜினலைப் பாக்காத இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தட்டும், ரெண்டையும் வச்சு ஒப்பிடுங்க. அப்புறம் ஒரு நாப்பது அம்பது பேர்கிட்ட பைலட் பண்ணி க்ரான்பாக் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு காட்டுற எண்) பாருங்க, 0.7க்கு மேல வந்தா தெம்பா போகலாம். தமிழும் இங்கிலீஷும் ஒரே ஷீட்ல மேலயும் கீழயும் இருக்கிற மாதிரி அடிச்சா ரொம்ப வசதி, பிள்ளைங்க இங்கிலீஷைப் பாத்துட்டு புரியலைன்னா கீழ பாத்துக்குவாங்க.

ஷீட் குடுக்கப் போறப்போ மிட்-டேர்ம் பக்கத்துலயோ சனிக்கிழமை கடைசி பீரியட்லயோ போகாதீங்க. ஹெச்.ஓ.டி பக்கத்துல நின்னுட்டு இருந்தா எல்லாருக்கும் அடைவூக்கம் எகிறும், அவரை நைசா ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்பிடுங்க. பேர், ரோல் நம்பர் கேக்காதீங்க. ஃபர்ஸ்ட் இயர்ல 18 முடியாத பிள்ளைங்க இருப்பாங்க, அவங்களுக்கு பெற்றோர் கையெழுத்து வேணும், அந்த அலைச்சல் வேண்டாம்னா செகண்ட் இயர் எடுத்துக்குங்க. கூகுள் ஃபார்ம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடறது சுலபம், ஆனா அதை நிரப்புறது யாரு? ஏற்கனவே ஊக்கம் உள்ளவங்க. இந்த டாபிக்குக்கு அதைவிட மோசமான வழி இல்ல.

பெர்சனல் டேட்டா ஷீட்ல வேற என்ன கேக்கலாம்: முதல் தலைமுறை பட்டதாரியா, ஹாஸ்டலா வீடா, ப்ளஸ் டூ எந்த மீடியம், ப்ளஸ் டூ மார்க், இந்த கோர்ஸை யாரு தேர்ந்தெடுத்தது. கடைசி கேள்வியை மறந்துடாதீங்க. அப்பா சொன்னாருன்னு இன்ஜினியரிங் சேர்ந்தவனும், எங்கயும் கிடைக்காம பி.ஏ வந்தவனும், ஆசைப்பட்டு பி.ஏ வரலாறு எடுத்தவளும் ஒரே கட்டத்துல உக்காந்திருப்பாங்க. ப்ளஸ் டூ மார்க் ஏன்னா, இன்ஜினியரிங் கட்டம் மேல வந்தா அது படிப்புனால வந்ததா, உள்ள வரும்போதே மார்க்கோட வந்ததான்னு பிரிச்சு பாக்கணும், அன்கோவா (ப்ளஸ் டூ மார்க்கைச் சமன் பண்ணிட்டு ஒப்பிடற கணக்கு) போட்டா அதை ஓரளவு பாக்கலாம்.

இப்போ பால் பக்கம் கொஞ்சம் நிதானமா நிக்கணும், ரிவ்யூ சாப்டர் எழுதறவங்க வழுக்குற இடம் இது. உளவியலாளர் ஹென்றி மர்ரே 1938ல சாதிக்கணும்ங்கற தேவையை மனுஷனோட தேவைகள் பட்டியல்ல சேர்த்தார், இன்னொரு உளவியலாளர் மெக்லீலேண்ட் அதை எடுத்துக்கிட்டு படத்தைக் காட்டி கதை எழுதச் சொல்லி அளந்தார். 1960கள்ல நம்ம பக்கத்து ஆந்திராவுல காக்கிநாடாவுக்கே வந்து வியாபாரிகளுக்கு ட்ரெயினிங் குடுத்து பாத்தவர் அவர், 1969ல புத்தகமா வந்துச்சு. ஆரம்பகால வேலைல பெரும்பாலும் ஆம்பளைங்களைத் தான் வச்சு பாத்தாங்க. அப்புறம் மிச்சிகன் யூனிவர்சிட்டில மட்டினா ஹார்னர் 1968ல ஒரு வேலை பண்ணாங்க. "முதல் டேர்ம் பரீட்சை முடிஞ்சதும் ஆன் தன் மெடிக்கல் காலேஜ் வகுப்புல முதல் இடத்துல இருக்கா"ன்னு ஒரு வரி குடுத்து பொண்ணுங்களைக் கதை எழுதச் சொன்னாங்க, பசங்களுக்கு ஆன்ங்கற பொண்ணு பேர் இடத்துல ஜான்ங்கற பையன் பேர். பொண்ணுங்கள்ல 65 சதவீதம் பேர் கதைல ஆனுக்கு ஏதாவது கெட்டது நடந்துச்சு, பசங்கள்ல பத்து சதவீதத்துக்கும் குறைவு. இதுக்கு பேரு வெற்றி பயம்னு வச்சு உலகம் பூரா பேசினாங்க.

உங்க ஊர் தீசிஸ்கள்ல நிறைய இதோட நின்னுடும். நிக்காதீங்க. ஹார்னர் டிசைன்ல பொண்ணு பொண்ணைப் பத்தி மட்டும் எழுதினா, பையன் பையனைப் பத்தி மட்டும் எழுதினான். 1974ல மோனஹான், கூன், ஷேவர் மூணு பேரும் மாத்திப் போட்டு பாத்தாங்க, ஆன் பத்தி எழுதச் சொன்னா பசங்களும் கெட்டதா தான் எழுதறாங்க. அதாவது பயம் பொண்ணு மனசுக்குள்ள இருக்குன்னு சொல்றதைவிட, முதல் இடம் புடிக்கிற பொண்ணைப் பத்தி ஊர் என்ன நெனைக்குதுங்கறது எல்லார் தலைலயும் இருக்குன்னு சொல்றது தான் பொருந்தும்.

இதை நீங்களும் ஒரே ஒரு பக்கத்துல பண்ணலாம், ஸ்கேலோட கடைசில இணைச்சு விடுங்க. "மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துடுச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிளாஸ்ல பவித்ரா தான் முதல் ரேங்க். அன்னைக்கு சாயங்காலம் என்ன நடந்திருக்கும்?" பாதி ஷீட்ல பவித்ரா, பாதி ஷீட்ல பிரவீன், யாருக்கு எது போகுதுன்னு கலைச்சுட்டு குடுங்க, ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ரெண்டும் போகணும். அஞ்சு வரி எழுதினா போதும். வர்ற கதைகளை யாரு பேருன்னு மறைச்சுட்டு ரெண்டு பேர் தனித்தனியா படிச்சு, பாராட்டு, பொறாமை, கல்யாணப் பேச்சு, வேலை, வீட்டுப் பெருமைன்னு வகை பிரிங்க. ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறாங்கன்னு கப்பா போட்டு காட்டுங்க. 50 கேள்வி ஸ்கேல் காட்டாத சில விஷயம் இதுல வரும், காரணம் இருக்கு: மெக்லீலேண்டும் கூட ரெண்டு பேரும் 1989ல எழுதினது, தன்னைப் பத்தி ஒருத்தர் சொல்லிக்கிற ஊக்கமும் கதைல வெளிவர்ற ஊக்கமும் ரெண்டு வேற வேற சங்கதின்னு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா டேட்டா கெட்டுடுச்சுன்னு பதறாதீங்க.

கணக்கு போட ஜேமோவி இல்லன்னா ஜாஸ்ப் இறக்கிக்குங்க, ரெண்டும் ஃப்ரீ, திருட்டு எஸ்பிஎஸ்எஸ் தேடி வைரஸ் வாங்கிக்க வேண்டாம். முதல்ல கட்டம் வாரியா ஆவரேஜும் எஸ்.டியும் டேபிளா போடுங்க, அப்புறம் லெவீன் டெஸ்ட் (ஸ்கோர் பரவல் எல்லா கட்டத்துலயும் ஒரே மாதிரியான்னு பாக்கிறது), அப்புறம் டூ-வே அனோவா. இன்டராக்ஷன் வந்துடுச்சுன்னா மெயின் எஃபெக்டை (பால் மட்டும் இல்ல பாடப்பிரிவு மட்டும் காட்டுற வித்தியாசம்) மட்டும் தனியா எடுத்து பேசக் கூடாது, ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் ஆண் பெண் தனியா ஒப்பிடணும். பாடப்பிரிவு மூணு இருந்தா, எந்தெந்த ரெண்டுக்கு நடுவுல வித்தியாசம்னு பாக்க டியூக்கி டெஸ்ட் போடுங்க. ஒரு கோட்டுப் படம் கட்டாயம் வைங்க, எக்ஸாமினர் டேபிளைப் படிக்கிறாரோ இல்லையோ படத்தைப் பாப்பார்.

பி வேல்யூ (உண்மைல வித்தியாசமே இல்லைன்னாலும் தற்செயலா இவ்வளவோ இதுக்கு மேலயோ வர்ற வாய்ப்பு) 0.05க்கு கீழ வந்துட்டா கொண்டாட்டம் வேண்டாம். குரூப்புக்கு 500 பேர், வித்தியாசம் மூணே மூணு மார்க், எஸ்.டி 20ன்னா டி-வேல்யூ 2.37 வரும், "குறிப்பிடத்தக்கது". அதே மூணு மார்க், குரூப்புக்கு 50 பேர்னா 0.75, "குறிப்பிடத்தக்கது இல்லை". மூணு மார்க் 200க்கு! ரெண்டு இடத்துலயும் கோஹன் டி 0.15 தான். ஸ்கோர் ரெண்டு பக்கமும் மணி வடிவுல பரவி இருந்தா இந்த அளவு வித்தியாசத்துல ரெண்டு கூட்டமும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கும். அதை எழுதுங்க, அப்ப தான் படிக்கிறவங்களுக்கு அளவு புரியும்.

டிஸ்கஷன் சாப்டர்ல "பெண்கள் இயல்பிலேயே பொறுப்பானவர்கள்", "ஆண்கள் போட்டி மனப்பான்மை உடையவர்கள்"னு எழுதற பழக்கத்தை விடுங்க, உங்க டேட்டா அதைச் சொல்லலை. உங்க கட்டத்துக்குள்ள யாரு வந்து உக்காந்திருக்காங்கன்னு பேசுங்க. 2024 ப்ளஸ் டூ ரிசல்ட்ல தமிழ்நாட்டுல பொண்ணுங்க 96.44 சதவீதம் பாஸ், பசங்க 92.37. காலேஜ் வாசல்ல வர்றதுக்குள்ளயே ஒரு வடிகட்டல் நடந்து முடிஞ்சிருக்கு. அரசுப் பள்ளில படிச்சுட்டு வந்த பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்துச்சு, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதனால 2019ல எடுத்த தீசிஸோட உங்க டேட்டாவை ஒப்பிடும்போது ரெண்டும் ஒரே உலகம்னு நெனைச்சுடாதீங்க. மார்க் வந்தா தான் பிஜி அனுப்புவாங்கன்னு படிக்கிற பொண்ணும், அரியர் இருந்தாலும் கேம்பஸ் கிடைச்சுடும்னு சுத்துற பையனும் ஒரே ஸ்கேல்ல ஒரே ஸ்கோர் வாங்கலாம், பின்னாடி இருக்கிற கணக்கு வேற. அந்த இடத்துல தான் பவித்ரா கதைகள்ல இருந்து ரெண்டு மூணு வரி அப்படியே எடுத்துப் போடணும்.

ரிவ்யூவுக்கு ஷோத்கங்கால (இந்திய ஆய்வேடுகள் இருக்கிற இணையதளம்) தேடுங்க, ஆனா வரியை எடுத்து ஒட்டாதீங்க, யுஜிசி 2018 விதிப்படி ஒத்துப்போற அளவு பத்து சதவீதம் தாண்டினா தலைவலி ஆரம்பம்.

வைவால கேக்கற கேள்வி பெரும்பாலும் இது தான்: "ஏம்மா, வித்தியாசம் இல்லைன்னு வந்திருக்கே, அப்புறம் என்னத்துக்கு ஆய்வு?" அதுக்கு முழிக்காதீங்க. எவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் புடிக்கிற அளவுக்கு சாம்பிள் எடுத்தேன், அந்த அளவுக்கு இல்லைன்னு தெரிஞ்சது, பாடப்பிரிவுக்குள்ள பிரிச்சும் பாத்தேன்னு அந்தக் கோட்டுப் படத்தைத் திருப்பி காட்டுங்க. ஸ்கோரிங் கீயும் ஒரிஜினல் ஷீட்டுகளும் கையில இருக்கட்டும், சில பேர் ஏதாவது ஒரு ஷீட்டை உருவி அங்கயே கூட்டிப் பாக்கச் சொல்லுவாங்க.